நான்கு சாவுகள், ஒரு முடிச்சு: அதை நாவலில் எங்கே போடுவது?

மூன்றாம்வரைவு

நான் எழுதுவது 80,000 சொற்கள், 32 அத்தியாயங்கள் கொண்ட துப்பறியும் நாவல். நான்கு பேர் சாகிறார்கள். ஓய்வுபெற்ற கணக்காளர் மாடிப்படியில் உருண்டு விழுகிறார். ஆசிரியை ஒருவர் குளியல் தொட்டியில் மூழ்குகிறார். தனியாக வாழும் மெக்கானிக், மூடிய அறையில் எரிவாயு ஹீட்டர் புகையில் சாகிறார். நான்காமவர் முன்னாள் படகோட்டி, மாரடைப்பு. நான்கும் வெவ்வேறு ஊர்கள். முதல் சாவுக்கும் கடைசிச் சாவுக்கும் நடுவே 19 மாதம்.

உண்மை என்னவென்றால், 14 ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு படகு விபத்து விசாரணையில் நால்வரும் ஆளுக்கொரு சின்னப் பொய் சொன்னவர்கள். நான்கு பொய்களும் சேர்ந்து ஒரு நிரபராதியைச் சிறைக்கு அனுப்பிவிட்டன.

27-ஆம் அத்தியாயத்தில், பழைய பெட்டி ஒன்றில் நால்வரும் ஒன்றாக நிற்கும் புகைப்படம் கிடைக்கிறது. வரைவைப் படித்த எல்லோரும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பிணைப்பு வானத்திலிருந்து குதித்தது போல இருக்கிறதாம். அதை எங்கே காட்டுவது? முன்னாலேயே காட்டினால் வாசகர் கண்டுபிடித்துவிட மாட்டாரா? சாகும் விதம் நான்கும் வேறாக இருக்கும்போது துப்பறிவாளருக்குச் சந்தேகம் எதனால் வர வேண்டும்?

காகிதக்கத்தி

புகைப்படத்தை எடுத்துவிடுங்கள். அது துப்பறிவாளர் வேலை செய்து அடைந்த பொருளாக இல்லை, அவருக்குக் கிடைத்த பரிசாக இருக்கிறது. அதனால்தான் வாசகருக்கு ஏமாற்றம்.

இந்த வகை நாவலில் நாம் எல்லோரும் செய்யும் தவறு, பிணைப்பை ஒளித்து வைப்பது. ஒளிக்க வேண்டியதில்லை. அதைப் பார்க்கக்கூடியவர்களை ஒருவரையொருவர் சந்திக்க விடாமல் வைத்தால் போதும்.

இங்கிலாந்தில் ஜார்ஜ் ஜோசப் ஸ்மித் என்பவன் 1912, 1913, 1914 என மூன்று ஆண்டுகளில் மூன்று மனைவிகளைக் குளியல் தொட்டியில் கொன்றான். ஹெர்ன் பே, பிளாக்பூல், லண்டனின் ஹைகேட் என்று மூன்று ஊர்கள். சாவதற்குச் சில நாள் முன் ஒவ்வொரு மனைவியையும் வலிப்பு, தலைவலி என்று ஏதோ ஒன்றைச் சொல்லி உள்ளூர் மருத்துவரிடம் அழைத்துப் போயிருக்கிறான். ஒவ்வொருவரும் அவன் பேருக்கு உயில் எழுதியிருக்கிறார். இரண்டு பேர் பேரில் ஆயுள் காப்பீடும் உண்டு. இதில் எதுவும் மறைவாக நடக்கவில்லை. மருத்துவருக்கு அவர் ஊர் சாவு தெரியும், காப்பீட்டு நிறுவனத்துக்கு அதன் பாலிசி தெரியும். மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். மூன்றாவது சாவு பத்திரிகையில் வந்தபோது, இரண்டாவதாக இறந்த மனைவியின் தந்தை அதைப் படித்தார். முடிச்சு அங்கே அவிழ்ந்தது. 1915-இல் அந்த மூவரில் முதலில் இறந்தவரைக் கொன்ற குற்றத்துக்காக மட்டும்தான் அவன்மீது வழக்கு நடந்தது. ஆனால் மற்ற இரண்டு சாவுகளையும் சாட்சியமாக நீதிமன்றம் அனுமதித்தது. ஒரே மாதிரிச் செயல்களைச் சாட்சியமாக ஏற்பதில் அது முன்னுதாரணத் தீர்ப்பு.

உங்கள் நாவலுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். நான்கு வீட்டிலும் பிணைப்பு கண் முன்னே கிடக்க வேண்டும், வேறு வேறு உருவத்தில்.

வேலைமுறை இது. பிணைப்பை மூன்று அடுக்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் அடுக்கு 'இதென்ன, இங்கேயும் இருக்கிறதே' என்ற உறுத்தல். இரண்டாவது, நால்வரையும் ஒரே இடத்தில் நிறுத்தும் ஆவணம். மூன்றாவதுதான் காரணம். 32 அத்தியாயம் என்றால் உறுத்தல் 9-க்குள், ஆவணம் 17 அல்லது 18-இல், காரணம் 25-ஐ ஒட்டி. நீங்கள் மூன்றையும் 27-இல் ஒரே மூட்டையாக இறக்கியிருக்கிறீர்கள். அதனால் 10-லிருந்து 26 வரை துப்பறிவாளர் கேள்வி கேட்டபடி நடந்துகொண்டே இருப்பார், கதை நகராது.

விசேரா

சாவுகளின் மருத்துவப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். இந்த நான்கில் மூன்று, ஒழுங்காகப் போஸ்ட்மார்ட்டம் செய்தால் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடும். ஏன் சொல்லவில்லை என்பதற்கு நாவலில் காரணம் வேண்டும்.

மாடிப்படி: நகரும் தலை அசையாத தரையில் மோதினால், மூளையில் பெரிய காயம் பெரும்பாலும் மோதிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கும். அசையாத தலையை ஒரு பொருளால் அடித்தால், அடிபட்ட இடத்துக்கு நேர் கீழே இருக்கும். கணக்காளரை அடித்துவிட்டு உருட்டினான் என்று எழுதினால் இந்த வேறுபாடு அறிக்கையில் இருந்தாக வேண்டும். தள்ளிவிட்டான் என்றால் உடல் எதையும் காட்டிக்கொடுக்காது. தள்ளுவதே உங்களுக்கு நல்லது.

குளியல் தொட்டி: நுரையீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் டயட்டம் என்ற நுண்பாசி தேடும் சோதனையைப் பலர் நாவலில் கொண்டுவந்துவிடுகிறார்கள். அது ஆற்று நீருக்கும் ஏரி நீருக்கும் பொருந்தும். சுத்திகரித்த குழாய் நீரில் டயட்டம் மிகக் குறைவு, அதனால் தொட்டிச் சாவில் அந்தச் சோதனை பெரிதாக எதையும் சொல்லாது. காகிதக்கத்தி சொன்ன ஸ்மித் வழக்கில், நீச்சல் பழகிய ஒரு பெண்ணைத் தொட்டியில் உட்காரவைத்து, காலைத் திடீரென இழுத்துச் சோதித்தார்கள். அவர் உடனே நினைவிழந்தார், மீட்கச் சிறிது நேரம் ஆனது. போராடிய காயங்கள் உடலில் இல்லாததற்கு விளக்கம் அப்படித்தான் கிடைத்தது.

ஹீட்டர் புகை: கார்பன் மோனாக்சைடு என்றால் உடலின் அடிப்பக்கம் தேங்கும் ரத்தம் செர்ரிப் பழ நிறத்தில் இருக்கும். கறுத்த தோலில் இதை எளிதில் பார்க்க முடியாது. உதட்டின் உட்புறம், நகக்கண், கண்ணிமையின் உட்புறம் இவற்றைப் பார்க்க வேண்டும். சயனைடும் கடுங்குளிரில் கிடந்த உடலும் இதே நிறம் காட்டலாம். ஆகவே நிறத்தைப் பார்த்ததும் டாக்டர் முடிவு சொல்லும் காட்சி வேண்டாம். ரத்தத்தில் எவ்வளவு என்று ஆய்வகம் அளந்து சொல்ல வேண்டும். அந்த முடிவு மறுநாள் காலையிலேயே வந்துவிடாது, வாரக்கணக்கில் ஆகலாம். இந்தத் தாமதம் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் கதைக்கருவி.

நேரம் குறிப்பதிலும் தவறு நிறைய. பிணவிறைப்பு 2 முதல் 4 மணி நேரத்தில் தொடங்கி, ஏறக்குறைய 12 மணி நேரத்தில் உடல் முழுக்கப் பரவி, அதன்பின் ஒன்றிரண்டு நாளில் தளரும். சூட்டில் எல்லாம் விரைவாக நடக்கும். 'இரவு 10:40-க்கு இறந்தார்' என்று எந்த மருத்துவரும் உடலைப் பார்த்துச் சொல்லமாட்டார். சில மணி நேர இடைவெளியைத்தான் கொடுப்பார். ஹீட்டர் எரிந்த அறையில் அந்த இடைவெளி இன்னும் தளர்ந்துபோகும்.

ஐந்தாம்சாட்சி

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். விதம் நான்கும் வேறு என்றால், சந்தேகம் விதத்திலிருந்து வர முடியாது. சாவைச் சுற்றியுள்ள பழக்கத்திலிருந்து வர வேண்டும்.

பிரிட்டனில் ஹரால்ட் ஷிப்மன் என்ற மருத்துவர், தன் நோயாளிகளில் 15 பேரைக் கொன்றதாக 2000 ஜனவரியில் தண்டிக்கப்பட்டார். பின்னர் அமைத்த விசாரணை ஆணையம் 215 பேர் என்று கணக்கிட்டது. பெரும்பாலும் முதியவர்கள், எல்லாச் சாவும் இயற்கை என்றே பதிவானவை. இறந்த நேரங்களை மணிவாரியாக வரைபடத்தில் போட்டபோது கதை மாறியது. மற்ற மருத்துவர்களின் நோயாளிகள் நாள் முழுக்கச் சிதறி இறந்திருக்க, இவருடையவர்கள் மதியத்தை ஒட்டிய சில மணி நேரத்தில் குவிந்திருந்தார்கள். அவர் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நேரம் அது.

அதே வழக்கில் இன்னொன்று, நாவலுக்குத் தங்கம் போன்றது. நோயாளிகளுக்கு முன்பே உடல்நலக் குறைவு இருந்ததாக அவர் கணினியில் பழைய தேதியிட்டுக் குறிப்புகள் சேர்த்தார். எந்தத் தேதிக்கான குறிப்பு என்பதோடு, அது உண்மையில் எப்போது தட்டச்சானது என்பதையும் மென்பொருள் தனியாகப் பதிந்து வைத்திருந்தது.

ஒரு தாளுக்கு இரண்டு தேதி. உங்கள் கொலையாளி எங்கே இரண்டாவது தேதியை மறந்தான் என்று யோசியுங்கள். புகைப்படத்தைவிட நூறு மடங்கு உறுதியான துப்பு அதில் கிடைக்கும்.

பின்னட்டை

சின்ன விஷயம், ஆனால் நாவல் கவிழும் இடம். இறந்தவர் நால்வர், அவர்கள் குடும்பத்தார், நான்கு ஊர்க் காவலர்கள். 10-ஆம் அத்தியாயத்துக்குள் 20 பெயர் சேர்ந்துவிடும். நால்வர் பெயரும் வெவ்வேறு எழுத்தில் தொடங்கட்டும், நீளமும் வேறாக இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் மறக்க முடியாத ஒரே ஒரு பொருள் கொடுங்கள்: கணக்காளருக்குக் கைப்பிடி உடைந்த கண்ணாடிப் பெட்டி என்பது போல. இரண்டு பேரையாவது உயிரோடு, ஒரு முழுக் காட்சியில் வாசகர் பார்த்திருக்க வேண்டும். பிணமாக மட்டும் அறிமுகமாகிற நால்வரை யாரும் பிரித்து நினைவில் வைக்கமாட்டார்கள். நினைவில் இல்லாதவர்களுக்குள் பிணைப்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

மூன்றாம்வரைவு

புகைப்படம் போய்விட்டது. பதிலாக இப்படி: விசாரணைக்கு வந்த சாட்சிகளுக்குப் பயணப்படி கொடுத்திருப்பார்கள், கையெழுத்தும் வாங்கியிருப்பார்கள். பயணப்படிப் பதிவேட்டில் நால்வரும் ஒரே பக்கத்தில் இருப்பார்கள். இது 17-ஆம் அத்தியாய ஆவணம். வீடுகளில் அதன் எச்சங்கள்: கணக்காளரின் பழைய வரவுசெலவு நோட்டில் 'ப.படி' என்று ஒரு வரி, ஆசிரியையின் பணிப்பதிவேட்டில் இரண்டு நாள் சிறப்பு விடுப்பு, மெக்கானிக்கின் சுவரில் துறைமுக அலுவலகக் காலண்டர். படகோட்டிக்கு அந்த ஊரே பிழைப்பு, எதுவும் தேவையில்லை.

இவற்றை வாசகர் கண்ணில் படும்படியும் படாதபடியும் வைப்பது எப்படி?

காகிதக்கத்தி

எச்சங்கள் அருமை. ஒவ்வொன்றும் வேறு உருவில் இருப்பதுதான் பலம்.

வைக்கும் முறைக்கு வருவோம். பட்டியலின் நடுவில் வையுங்கள். மேசைமேல் ஐந்து பொருள் என்றால் மூன்றாவது. முதலும் கடைசியும் மனதில் தங்கும், நடுப்பொருள் நழுவும். இன்னொரு வழி, துப்பு வந்த அடுத்த வரியிலேயே யாராவது அழவோ கத்தவோ வேண்டும். விடுப்புக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது ஆசிரியையின் மகள் உடைந்து அழுதால், வாசகர் மகளோடு போய்விடுவார். மூன்றாவது வழிதான் எல்லாவற்றிலும் நேர்மையானது: துப்புக்குப் பொருத்தமான ஒரு தவறான பொருளைக் கொடுத்துவிடுவது. 'ப.படி' என்றால் பால்படி என்று கணக்காளரின் மனைவியே சொல்லட்டும். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்புகிறார். முக்கியமான துப்பு மூன்று முறை வர வேண்டும், மற்றவை இரண்டு முறை. ஒரே முறை வந்தால் வாசகர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார்.

எழுதுவதற்கு முன் ஒரு அட்டவணை போடுங்கள். சாவுக்கு ஒரு வரிசை. நெடுக்கில்: உண்மையில் நடந்தது, பார்த்தவருக்குத் தெரிந்தது, யார் எழுதினார், அந்தத் தாள் எங்கே போனது, அதை வேறு யார் படித்திருக்க முடியும். கடைசி இரண்டு கட்டங்களை யாரும் நிரப்புவதில்லை, நாவல் நிற்பதோ அவற்றின்மேல். இன்னொரு தாளில் கொலையாளியின் 19 மாத நாட்காட்டி. ஊர்களுக்கு நடுவே பயண நேரம், விடுப்பு எடுத்த நாள், கைபேசி எந்தக் கோபுரத்தின் எல்லையில் இருந்தது. நான்கு ஊர்களுக்கும் ஒரே ஆள் போயிருக்கிறார் என்றால் தடம் இருக்கும். தடம் இல்லை என்று எழுதினால் ஏன் இல்லை என்றும் எழுத வேண்டும்.

இடைவெளி சீராக இருக்க வேண்டாம். 19 மாதத்தை 9, 7, 3 என்று பிரித்துப் பாருங்கள். கடைசி இடைவெளி சுருங்குவதற்கு ஒரு காரணம் இருந்தால் அதுவே கொலையாளியைப் பற்றிய துப்பு.

பின்னட்டை

பயணப்படிப் பதிவேட்டில் எத்தனை பெயர்? இதை முடிவு செய்யாமல் 17-ஆம் அத்தியாயத்தை எழுதாதீர்கள்.

60 பெயர் என்று வையுங்கள். 14 ஆண்டு கழிந்துவிட்டதால் பெரும்பாலோர் வயதானவர்கள். ஆண்டுக்கு நூற்றுக்கு 2 பேர் இறப்பார்கள் என்று எடுத்துக்கொண்டால், 19 மாதத்தில் அந்த 60 பேரில் ஏறக்குறைய இரண்டு சாவு இயல்பாகவே நடக்கும். நான்கு நடந்தது அதிகம்தான், ஆனால் பெரிய விந்தை இல்லை. மேலதிகாரி துப்பறிவாளரைத் துரத்திவிடுவார், அவர் செய்வது சரியும்கூட. அதே கணக்கில் பெயர் 9 மட்டும் என்றால், எதிர்பார்க்க வேண்டியது 0.3 சாவு. அங்கே நான்கு என்பது யாரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும்.

அதனால் இதை இரண்டு படியாகச் செய்யலாம். 17-இல் 60 பெயர், யாரும் நம்பவில்லை. பிறகு ஒரே நாளில், ஒரே அமர்வில் சாட்சி சொன்னவர்கள் 9 பேர் என்று 21-இல் தெரிகிறது. பிணைப்பு கண்டதும் கதை முடிந்தது என்று நினைக்கும் துப்பறிவாளருக்கு, எதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் உண்மையான தேடல். மீதி 5 பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதால் பதற்றமும் தானாக வரும்.

ஐந்தாம்சாட்சி

பின்னட்டையின் கணக்கை அப்படியே ஏற்கிறேன். அதை இன்னொரு பக்கமும் திருப்பலாம்.

1982 செப்டம்பர் இறுதியில் சிகாகோ வட்டாரத்தில் சில நாட்களுக்குள் 7 பேர் இறந்தார்கள். மூவர் ஒரே குடும்பம், மற்றவர்களுக்குள் உறவோ பழக்கமோ இல்லை. பிணைப்பு மனிதரில் இல்லை, டைலினால் என்ற வலிநிவாரணி மாத்திரைப் புட்டியில் இருந்தது. கேப்சூல்களில் யாரோ சயனைடு நிரப்பியிருந்தார்கள். அந்தக் குடும்பத்தின் வீட்டுக்குப் போன செவிலியர் ஒருவர் புட்டியை எண்ணிப் பார்த்தார்: 6 குறைகிறது, இறந்தவர் மூவர். புட்டிகள் வெவ்வேறு ஆலைகளில் தயாரானவை என்பதால், கலப்படம் கடைக்கு வந்தபின் நடந்தது என்ற முடிவுக்கு வந்தார்கள். கொலைகளுக்காக இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.

1986-இல் வாஷிங்டன் மாநிலத்தில் இதன் தலைகீழ் வடிவம் நடந்தது. ஒரு பெண் கணவனைச் சயனைடு வைத்துக் கொன்றார். மருத்துவர் நுரையீரல் நோய் என்று எழுதிவிட்டார். விபத்துச் சாவு என்றால் காப்பீடு கூடுதலாகக் கிடைக்கும். ஆகவே விஷம் கலந்த மாத்திரைப் புட்டிகளைக் கடைகளில் வைத்தார். முன்பின் தெரியாத ஒரு பெண் இறந்ததும், 'என் கணவரும் இப்படித்தான் இறந்திருக்க வேண்டும்' என்று தானே முன்வந்து சொன்னார். மாட்டியது எப்படி? அதிகாரிகள் எவ்வளவோ புட்டிகளைச் சோதித்தும் விஷப் புட்டிகள் மொத்தம் 5-தான் கிடைத்தன. அதில் 2 அவர் வீட்டில். வேறு வேறு நாளில் வாங்கியவை என்று அவரே சொல்லியிருந்தார். அவ்வளவு அதிர்ஷ்டம் கெட்டவர் யாரும் இருக்க முடியாது. சயனைடில் கலந்திருந்த பச்சைத் துகள், மீன்தொட்டிப் பாசியை அழிக்கும் மருந்து என்று ஆய்வகம் கண்டது. அவர் வீட்டில் மீன்தொட்டி இருந்தது.

இதிலிருந்து உங்களுக்கு என் யோசனை: நான்கில் ஒன்று உண்மையிலேயே விபத்தாக இருக்கட்டும். மெக்கானிக்கின் ஹீட்டர் தானாகப் பழுதானது. துப்பறிவாளர் அதையும் சேர்த்து நான்கு என்று எண்ணியதால் கொலையாளியின் நாட்காட்டி பொருந்தாமல் தவிக்கிறார். அதைக் கழித்ததும் எல்லாம் உட்காருகிறது.

காகிதக்கத்தி

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. 9 பேரில் 4 என்று வாசகரை நம்பவைத்துவிட்டு, பிறகு 3 என்றால், நாமே கட்டியதை நாமே இடித்தது போல இருக்கும். மெக்கானிக்கின் சாவை விபத்தாக்க வேண்டாம். ஐந்தாவதாக ஒரு சாவைச் சேருங்கள். 60 பேர் பட்டியலில் இருக்கும், 9 பேர் பட்டியலில் இல்லாத ஒருவர். துப்பறிவாளர் அதைத் துரத்தி நான்கு அத்தியாயம் வீணாக்கட்டும். 21-இல் பட்டியல் சுருங்கும்போது அது தானாக உதிரும்.

ஐந்தாம்சாட்சி

சரி, இது மேல். கணக்கும் கெடாது.

மூன்றாம்வரைவு

ஐந்தாவது சாவைச் சேர்க்கிறேன். கடைசியாக ஒன்று. படகோட்டியின் மாரடைப்புதான் தலைவலி. வயதானவர், இதய நோயாளி, துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவியை உடலில் வைத்தவர். மருத்துவர் சான்றிதழ் கொடுத்துவிட்டார், போஸ்ட்மார்ட்டம் இல்லை, எரித்தாயிற்று. கொலை என்று காட்ட எதுவும் மிஞ்சாதே?

விசேரா

எரித்தால் எல்லாம் போய்விடும் என்பது பொதுவான எண்ணம். 1972-இல் பிரிட்டனில் கிரஹாம் யங் வழக்கில், எரித்த சாம்பலிலிருந்தே தாலியம் எடுத்துக் காட்டினார்கள். உலோக நஞ்சுகள் அப்படி மிஞ்சலாம். ஆனால் உங்களுக்கு நஞ்சு தேவையே இல்லை, பேஸ்மேக்கர் இருக்கிறதே.

எரிக்கும் முன் அதைக் கழற்றியாக வேண்டும். உள்ளே பேட்டரி இருப்பதால் சூட்டில் வெடிக்கும். ஆகவே கருவி உடலோடு போகவில்லை, யாரோ கழற்றி எங்கோ வைத்திருக்கிறார். துப்பறிவாளர் தேட வேண்டியது அதைத்தான். பல கருவிகள் வேகமான, ஒழுங்கற்ற துடிப்புகளைத் தேதியோடும் மணியோடும் பதிந்து வைத்திருக்கும். அதற்கென உள்ள புரோகிராமர் என்ற சாதனத்தை வைத்து, இறந்த பின்னும் படிக்கலாம். சான்றிதழில் 'காலை 6 மணி, தூக்கத்தில்' என்று இருக்க, கருவி முந்தைய இரவு 11:20-க்குத் துடிப்பு எகிறி ஒழுங்கு கெட்டதைக் காட்டினால், அந்த நேரத்தில் அவர் தூங்கவில்லை, எதையோ கண்டு பயந்திருக்கலாம் என்ற கேள்வி எழும். கொலை என்று அது நிரூபிக்காது. காலை 6 மணிக்குத் தான் வேறிடத்தில் இருந்ததாகக் கொலையாளி தயார் செய்து வைத்த சாட்சியம் மட்டும் பயனற்றுப் போகும்.

ஒரு எச்சரிக்கை. கருவியின் கடிகாரம் தானாகச் சரியாக இருக்காது. கடைசிப் பரிசோதனையில் புரோகிராமர் வைத்த நேரத்தில்தான் ஓடும், கொஞ்சம் முன்பின் நகர்ந்துமிருக்கும். அதனால் படிக்கும் தொழில்நுட்பர் முதலில் கருவி காட்டும் நேரத்தையும் உண்மை நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, வித்தியாசத்தைக் கழிக்க வேண்டும். 7 நிமிடம் வேகமாக ஓடுகிறது என்று வையுங்கள். அப்போது 11:20 என்பது 11:13. கொலையாளி கடைசிப் படகில் அக்கரை போனது 11:15-க்கு என்றால், அந்த ஏழு நிமிடத்தில்தான் உங்கள் 29-ஆம் அத்தியாயம் இருக்கிறது.